மாடு பேச்சை விட்டது ஏன்

அந்தக் காலத்தில் மாடுகள் பேசும். மனிதரோடு சந்தைக்கு வரும், சண்டை வந்தால் நியாயம் சொல்லும். ஆற்றங்கரைச் சந்தையில் செவலை என்ற பசுவுக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. வியாபாரி யாராவது சரக்கைப் புதிதாக ஒன்றில் பொதிந்து விற்க நினைத்தால், அதை முதலில் செவலையின் முன்னால் வைக்க வேண்டும். அவள் தின்றால் அதில் பொதியலாம். ஒதுக்கிவிட்டால் கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. சந்தை கலைந்ததும், மக்கள் பிரித்துப் போட்ட மந்தாரை இலையும் வாழைச் சருகும் நாரும் மாடுகளுக்குத்தான் தீனி. உப்பு வந்த ஓலைப்பெட்டிகள் காலியாக வண்டியேறி, மறுபடி நிறைந்து திரும்பி வரும். மறுநாள் போய்ப் பார்த்தால் சந்தை நடந்த அடையாளமே இருக்காது.

மருதப்பர் கருப்பட்டி வியாபாரி. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் அவருடைய கருப்பட்டி கசியும், எறும்பு மொய்க்கும், மலையடிவார ஊர்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வீணாகும். அந்தக் கவலையில் இருந்தவருக்குக் கடல் தாண்டி வந்த ஒரு கப்பல்காரன் புதுமாதிரி உறை ஒன்றைக் காட்டினான். கண்ணாடி போல் மினுங்கியது. தண்ணீர் இறங்கவில்லை. இழுத்தால் நீண்டதே தவிரக் கிழியவில்லை. மருதப்பர் அதில் சிவப்புச் சேவல் முத்திரை ஒன்றைப் போட்டுச் செவலையிடம் கொண்டுவந்தார்.

செவலை முகர்ந்து பார்த்தாள். "இதுல வாசமே இல்லையே மருதப்பா. எந்த மரத்து இலை?"

"தூரதேசத்து இலை, ஆத்தா."

"வேண்டாம். எடுத்துட்டுப் போ."

மருதப்பர் உறையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். கோடை வரும்வரை காத்திருந்தார்.

அந்தக் கோடை கடுமையாக இருந்தது. ஆற்றுப் படுகை வெடித்தது. செவலைக்கு மடி வற்றி, அவளுடைய கன்று வெள்ளையன் விலா எலும்பு தெரிய நின்றான். அப்போது மருதப்பர் அதே உறைகள் சிலவற்றைக் கருப்பட்டிப் பாகில் தோய்த்து, மேலே உப்பும் தூவிக் கொண்டுவந்து வைத்தார்.

செவலை நக்கினாள். பிறகு வாயில் போட்டு மென்றாள். எவ்வளவு மென்றும் அது அப்படியே இருந்தது. அதை அவள் பல் அறிந்தது. ஆனால் வயிறு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளையன் ஒன்றை முழுங்கிவிட்டு இன்னொன்றுக்கு மூக்கை நீட்டினான். அவளும் விழுங்கினாள்.

இலை தைத்து விற்கும் பூவாயி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆத்தா, நல்லா மென்னு பார்த்தீங்களா?"

செவலை அவள் பக்கம் திரும்பவில்லை. "தின்னலாம்" என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அடுத்த சந்தைக்குள் புளி, மிளகு, பொரி எல்லாமே மினுங்கத் தொடங்கின. உறைக்குள் இருந்தால்தான் நல்ல சரக்கு என்று ஆனது. ஒரு கருப்பட்டிக்கு ஓர் உறை, பத்துக் கருப்பட்டிக்கு மேலே பெரிய உறை, அதையெல்லாம் கட்டி வண்டியேற்ற இன்னொன்று. திரும்பிப் போக எந்தப் பெட்டியும் இல்லாததால் வண்டிக்காரர்களுக்கும் சுகம். பூவாயியின் இலைக்கட்டு விலைபோகாமல் காய்ந்தது. சந்தை கலைந்த பிறகும் உறைகள் கிடந்தன. காற்றில் பறந்து முள்வேலியில் தொங்கின. வாய்க்காலை அடைத்தன. அவற்றில் ஒட்டியிருந்த இனிப்புக்காக மாடுகள் தின்றன. செவலை சொன்ன பொருள்தானே.

வெள்ளையனுக்கு வயிறு உப்பியது. பிறகு அவன் புல்லை முகரவில்லை, தண்ணீரைத் தொடவில்லை. தாயின் காலடியிலேயே படுத்து ஒருநாள் காலையில் எழாமல் போனான்.

வழக்கம்போல் கழுகுகள் இறங்கின. செவலை தள்ளி நின்றாள். கொஞ்ச நேரத்தில் கிழட்டுக் கழுகு ஒன்று அவளிடம் நடந்து வந்தது.

"செவலை, நாங்க எதையும் மிச்சம் வைக்கிறதில்ல. உன் பிள்ளை வயித்துல இருக்கிறதை எங்களால தின்ன முடியல."

அது இழுத்துப் போட்ட உருண்டையைச் செவலை பார்த்தாள். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட உறைகள். எதுவும் செரிக்கவில்லை. சிவப்புச் சேவலின் நிறம்கூட மங்கவில்லை.

அந்த உருண்டையை வாயில் கவ்விக்கொண்டு சந்தைக்கு நடந்தாள். மருதப்பரின் கடை முன்னால் போட்டாள்.

"இது வெள்ளையன் வயித்துல இருந்தது. இதைத் தின்ன முடியாது. நிறுத்துங்க."

கூட்டம் கூடியது. மருதப்பர் உருண்டையைப் பார்த்தார். திரும்பித் தம் கடையைப் பார்த்தார். கூரைவரை உறைகள் அடுக்கியிருந்தன.

"நீங்கதானே தின்னலாம்னு சொன்னீங்க, ஆத்தா?" என்றார் மெதுவாக.

"நீ பாகைத் தடவினியே."

"நான் உங்க வாயைப் பிடிச்சுத் திணிக்கலையே. அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. எதைன்னு கேக்கிறது?"

வியாபாரிகள் ஒவ்வொருவராகத் தங்கள் கடைக்குத் திரும்பினார்கள். எல்லார் கடையிலும் அதே உறைகள். செவலை பூவாயியைத் தேடினாள். தொழில் போன பூவாயி கூலி வேலைக்குப் போய்விட்டு, அன்றைய உப்பை வாங்கிக்கொண்டு நின்றாள். கையிலிருந்த மினுங்கும் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

செவலை மறுபடி வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றும் வரவில்லை. அவள் சொல்லுக்கு இனி அந்தச் சந்தையில் மதிப்பில்லை, அதற்குக் காரணமும் அவள்தான்.

யாரோ கருப்பட்டியைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு உறையைக் கீழே எறிந்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்று ஒன்று அதை நோக்கி ஓடிவந்தது. செவலை அதை முந்திக்கொண்டு போய், குனிந்து, உறையைத் தானே தின்றாள். அடுத்ததையும் தின்றாள். கன்றுகளுக்குக் கிடைக்கக் கூடாது என்றுதான் தின்றாள். ஆனால் கன்றுகள் சுற்றி நின்று பார்த்தன. செவலை தின்பதைப் பார்த்து அவையும் தின்னப் பழகின, அவளைப் போலவே பேச்சையும் விட்டன.

அன்று முதல்தான் மாடுகள் நம்மிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், கடைகளின் பின்புறம் நின்று, நாம் பிரித்தெறிந்ததைத் தின்றுகொண்டிருக்கின்றன.