ஏழும் இரண்டும்

மாசிலாமணிக்கு ஐம்பத்தைந்து வயது. அவருடைய குருவுக்கு நாற்பதுதான். மடத்தில் இருவருமே அதைப் பொருட்படுத்தியதில்லை.

மாசிலாமணியின் மகள் தெய்வானைக்குத் தலைப்பிரசவம். அவளைப் பெற்ற அன்றே அவள் தாய் இறந்துபோனாள். மனிதர் பயத்தில் சோறு இறங்காமல் கிடந்தார்.

"சாமி, வடகரை மருத்துவச்சி குப்பாச்சி கையில ஏழு பிள்ளைங்க செத்திருக்கு. தென்கரைச் செங்கமலம் கையில ரெண்டுதான். செங்கமலத்துகிட்டயே போயிடட்டுமா?"

"யார் யார் எத்தனை பிரசவம் பார்த்தாங்க?"

"அதை எதுக்கு எண்ணணும்? செத்ததுதானே கணக்கு."

"போன வருஷம் ஊர்ல நூறு பேர் செத்தாங்க. நம்ம மடத்துல ஒருத்தர். எது நல்ல இடம்?"

"மடம்தான் சாமி. புண்ணிய பூமியாச்சே."

"மடத்துல இருந்ததே நாலு பேரு, ஓய்! போய் எண்ணிட்டு வாரும்."

மூன்று நாள் இரு கரையிலும் வீடு வீடாக அலைந்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. நான்காம் நாள் காலை மாட்டுவண்டியோடு வந்து நின்றார். வண்டிக்குள் தெய்வானை வலியில் முனகிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் அவருக்குக் குருவின் உத்தரவு வேண்டியிருந்தது.

"எண்ணிட்டேன் சாமி. ரெண்டு கரையிலும் செத்தது ஒன்பது. ஒன்பதுல ஏழு குப்பாச்சிகிட்ட. நான் சொன்னதுதானே சரி?"

குரு கண்களை மூடித் திறந்தார். "செத்ததுல எத்தனை அவகிட்டன்னு நான் கேக்கலை. அவகிட்டப் பிறந்ததுல எத்தனை செத்ததுன்னு கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"குப்பாச்சி மொத்தம் எத்தனை பார்த்தா? அதைச் சொல்லும்."

"இருநூத்தி எண்பது."

"செங்கமலம்?"

"பத்து. போன வருஷம்தான் ஆரம்பிச்சா."

"குப்பாச்சிகிட்ட நாற்பதுக்கு ஒண்ணு. செங்கமலத்துகிட்ட அஞ்சுக்கு ஒண்ணு. இவளும் இருநூத்தி எண்பது பார்த்தா, இந்தக் கணக்குல அம்பத்தாறு போயிருக்கும்."

"பார்க்கலையே சாமி. இதுவரைக்கும் ரெண்டுதானே?"

குரு தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த மனிதருக்குத்தான் ஐந்து வருடமாக வேதாந்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் திருப்பறதுங்க?" வெளியிலிருந்து வண்டிக்காரர் சத்தம் போட்டார். "பொண்ணு தாங்காது!"

"தென்கரைக்கு..." என்று ஆரம்பித்தார் மாசிலாமணி.

குரு விருட்டென்று எழுந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"வண்டியை உள்ளே விடச் சொல்லும். வெந்நீர் போடும். நானே பிரசவம் பார்க்கறேன்."

"சாமியா?"

"ஏன்? ஏழும் வேண்டாம், ரெண்டும் வேண்டாம். என் கையில ஒரு பிள்ளைகூடச் செத்ததில்லை. தள்ளும்."

மாசிலாமணி இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்தார்.

"நீங்க எத்தனை பிரசவம் பார்த்திருக்கீங்க?" என்று கத்தினார். குருவிடம் அவர் குரலை உயர்த்தியது அதுவே முதல் முறை.

"அப்பாடா," என்றார் குரு. இடுப்புத் துண்டை அவிழ்த்தார். "வண்டி வடகரைக்குப் போகட்டும்."