அலை வரை ஒரு நடை

கடற்கரையில் குடிக்கத் தடை போடலாமா என்று சிப்பித்துறையில் மணலிலேயே கூட்டம் போட்டார்கள்.

"நம்ம கரையில எவன் குடிக்கிறான்? தேடினாலும் ஒரு பாட்டில் சில்லு கிடைக்காது. தடை எதுக்கு?" என்று முழங்கினார் பேரூராட்சித் தலைவர் பொன்னையா.

கரையைக் கூட்டும் செலஸ்டின், நடை பழகும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பிள்ளையின் பாதத்தில் புதுக் கட்டு.

"கிடைக்குதுங்கய்யா."

"நிரூபி! இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"நான் எதுக்குங்கய்யா? கடலம்மாகிட்ட யாரும் செருப்போட போறதில்லையே. கழற்றிட்டு அலை வரைக்கும் நடந்துட்டு வாங்க. அப்புறம் நானும் பிள்ளையை இறக்கி விடுறேன்."

தலைவர் ஒரு செருப்பைக் கழற்றினார். மணலைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் அலைச் சத்தமே அமுங்கிப் போனது. தடைத் தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது.

செலஸ்டின் பேனாவை நீட்டினாள். "கையெழுத்துக்குச் செருப்பைக் கழற்ற வேண்டாங்கய்யா."