பன்றியாகப் போன சீடன்

காட்டுப்பன்றியை அம்பால் மட்டும்தான் அடிக்கலாம் என்று சட்டம் போட்டிருந்த ஒரு மலைநாடு. அங்கே செங்கோடன் என்று ஒரு கடலை விவசாயி. விளைந்ததில் பாதியைப் பன்றி தின்றுவிட்டது. மிச்சப் பாதியையாவது காப்பாற்ற வேண்டுமென்று ஊரில் வில் கற்றுக்கொடுத்த பாவாயியிடம் வில் பழகினான். குரு அவள்தான். ஆனால் சீடன் பத்து வயது மூத்தவன். அதனால் குரு சீடனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

வில் ஓரளவு வந்தது. அதற்குள் அவனுக்கு வேறு கிறுக்குப் பிடித்தது. உடம்புச் சூட்டை இருட்டில் வெள்ளையாகக் காட்டுகிற கேமரா. வில்லிலேயே மாட்டிக்கொள்ளலாம். கடைக்காரர் இரண்டைக் கொடுத்து, பார்த்துவிட்டுப் பிடிக்காததைத் திருப்பிக் கொடு என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் அம்பையே தொடவில்லை. வாய் மட்டும் வேலை செய்தது.

“குருவே, இது அடுத்த மலை வரைக்கும் பார்க்குமாம்.”

“உங்க கடலைக்காடு எவ்வளவு தூரமுங்ணா?”

“கூப்பிடுற தூரந்தான். ஆனா இன்னொண்ணு பன்றியோட மீசையைக்கூடத் தனித்தனியாக் காட்டுமாம். எதை வாங்கட்டும்?”

“மீசையைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க? சவரமா?”

“விளையாடாதீங்க. மிச்சக் கடலையும் போயிரும்.”

பாவாயி மூன்று அம்புகளின் முனையில் பழந்துணியைப் பந்தாகச் சுற்றினாள்.

“பொழுது சாயட்டும். கடலைக்காட்டுக்குள்ள போய் நீங்க பன்றியா இருங்க. எதை மாட்டினா நீங்க அடிபடுறீங்களோ, அதை வாங்குங்க.”

செங்கோடனுக்கு இது நியாயமாகவே பட்டது. அந்தி மங்கியதும் கடலைச்செடிக்குள் நாலு காலில் புகுந்தான்.

முதல் கருவியை மாட்டிப் பாவாயி விட்ட அம்பு, நடுவில் நின்ற ஆமணக்குத் தண்டில் பட்டு விழுந்தது.

“தண்டு தெரியலீங்களா?” என்று பன்றி கத்தியது.

“சூடுதான் தெரியுது. தண்டுக்கு ஏது சூடு?”

இரண்டாவது கருவியை மாட்டினாள். அதன் வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாக அடித்தது. பன்றி பார்த்துவிட்டு உருண்டு தப்பித்தது.

“குருவே, உங்க மூஞ்சி இங்க வரைக்கும் தெரியுது!”

அப்புறம் அம்பே வரவில்லை. செங்கோடனை எறும்பு கடித்தது. பசித்தது. கைக்கெட்டிய செடியைப் பிடுங்கினான். பச்சைக்கடலை நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு செடியையும் பிடுங்கினான்.

பொத்தென்று பின்புறத்தில் விழுந்தது அடி.

“ஐயோ!” தேய்த்துக்கொண்டே வரப்புக்கு ஓடி வந்தான். “எதுல பார்த்து அடிச்சீங்க? அதையே வாங்கிடறேன்!”

இரண்டு கருவியும் பெட்டிக்குள் கிடந்தன.

“எதுலயும் பார்க்கலீங்ணா. நீங்க மெல்லுற சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டுது.”

“அப்போ ரெண்டுமே வேண்டாங்கிறீங்களா?”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்?”

“அப்போ எது? நாளைக்கு ஒண்ணைத் திருப்பிக் கொடுக்கணும். சுத்தி வளைக்காம நேராச் சொல்லுங்க, இதா, இல்ல...”

பாவாயி உதட்டில் விரலை வைத்தாள்.

கிழக்கு மூலையில் கடலை மெல்லுகிற சத்தம் கேட்டது.

செங்கோடன் தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். காலி.

“அங்க தின்னுறது யாருங்ணா?” என்று காதோடு கேட்டாள் குரு.

பெட்டிக்குள் கையை விட்டாள். கையில் சிக்கிய கருவியை எடுத்து அவன் வில்லில் மாட்டினாள். எது என்று அவன் கேட்கவில்லை.