செவந்தி தள்ளிவிட்ட சிவப்பு நாடா

ஏரிக்கரைப் புளியமரத்தில் ஒரு பொந்து இருந்தது. அதில் கருப்பட்டி என்ற மைனாவும் அவன் மனைவி செவந்தியும் குடியிருந்தார்கள்.

பொந்து சின்னதுதான். இரண்டு மூன்று பேர் ஒட்டி உட்கார்ந்தால் சரியாக இருக்கும். ஆனால் மைனாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டுக்குத் தூக்கி வந்துவிடும். கருப்பட்டியோ அதில் பெரிய கில்லாடி!

ஜோடி சேர்ந்த அன்றே ஒரு சிவப்பு நாடாவோடு வந்தான். அடுத்து மிட்டாய்த் தாள் வந்தது. அப்புறம் மயிலிறகு, கோணிக் கிழிசல், அறுந்த செருப்பு வார், ஒரு முழப் பாம்புச் சட்டை.

"பாரு செவந்தி, எல்லாம் உனக்குத்தான்!" என்பான்.

"ரொம்ப அழகா இருக்குங்க!" என்பாள் அவள்.

செவந்தி மட்டும் சளைத்தவளா? அவனுக்காகத் தேங்காய் நார் நாராகக் கொண்டுவந்து மெத்தை போட்டாள். "உங்களுக்குக் குளிராம இருக்கும்" என்றாள். அவனும் "சுகமா இருக்கு!" என்றான்.

இப்படியே பொந்து நிறைந்தது. ஆவணி மழை பிடித்தது. செவந்திக்கு முட்டையிடும் நாளும் நெருங்கியது. உள்ளே அவள் திரும்பவே இடமில்லை. கருப்பட்டி வெளிக்கிளையில்தான் தூங்கினான். "எனக்குக் காத்தாட இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு மழையில் நனைந்தான். செவந்திக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. முட்டையை எங்கே இடுவது? வாசலில் இட்டால் உருண்டு கீழே விழுந்துவிடுமே!

கருப்பட்டி ஓடிப்போய் கொத்தப்பனை அழைத்து வந்தான். கொத்தப்பன் ஒரு மரங்கொத்தி. அந்தப் பொந்தைக் குடைந்தவனே அவன்தான்.

"அண்ணே, வீட்டை இன்னும் கொஞ்சம் பெருசாக்கிக் கொடுங்க!"

கொத்தப்பன் மரத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். "தம்பி, இன்னும் ஒரு கொத்து கொத்தினா அந்தப் பக்கம் ஏரி தெரியும்! மனசிருந்தா புளிய இலையிலும் ரெண்டு பேர் படுக்கலாம்னு சொல்லுவாங்க. உனக்கு மரமே புளியமரம்தானே?"

"மனசெல்லாம் இருக்குண்ணே. இடம்தான் இல்லை" என்றான் கருப்பட்டி பாவமாக.

மறுநாள் விடிந்ததும் வேறு வீடு தேடிப் புறப்பட்டான். வேப்பமரத்துப் பொந்தில் கிளிகள் குஞ்சும் குளுவானுமாக இருந்தன. ஆலமரத்துப் பொந்தில் ஆந்தை முறைத்தது. பனைமரத்துப் பொந்தில் தண்ணீர் தேங்கி நின்றது. சுற்றிச் சுற்றிச் சிறகு வலித்ததுதான் மிச்சம்.

அதற்குள் இங்கே செவந்திக்கு இடுப்பு வலி எடுத்தது. சுற்றும் முற்றும் பார்த்தாள். கால் எடுத்து வைத்தாலே சிவப்பு நாடா சுற்றிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு அதை வாசல் வழியே தள்ளிவிட்டாள். தள்ளியதும் எட்டிக் கீழே பார்த்தாள். முதல் முதலாக அவன் கொடுத்ததாயிற்றே!

சாயங்காலம் கருப்பட்டி தொப்பலாக நனைந்து திரும்பினான். மரத்தடிச் சேற்றில் நாடா கிடந்தது. பதறிப்போனான். அதை ஏரியில் அலசி எடுத்து, அலகில் கவ்விக்கொண்டு பறந்து வந்தான்.

"செவந்தி! நம்ம நாடா கீழே விழுந்து கிடந்தது! நல்லவேளை, நான் பார்த்தேன்!"

செவந்திக்கு அழுகை வந்துவிட்டது.

"விழலைங்க. நான்தான் தள்ளினேன். ஒவ்வொரு நாளும் காலைச் சுத்துது. நீங்க ஆசையாக் கொண்டுவந்ததாச்சே, எப்படிச் சொல்லுறதுன்னு இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

கருப்பட்டி நாடாவைக் கீழே வைத்தான். செவந்தி பயந்துபோய் அவன் முகத்தையே பார்த்தாள்.

"கோபமாங்க?"

"இல்லை. நானும் ஒண்ணு சொல்லட்டுமா? நீ கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உன் தேங்காய் நார் இருக்கே, அது என் முதுகைக் குத்து குத்துன்னு குத்துது! அதுக்குப் பயந்துதான் நான் வெளியே படுக்கிறேன்!"

"அடப்பாவி மனுஷா! மழையில நனைஞ்சுகிட்டா?" என்று கத்தினாள் செவந்தி. பறவையைப் பார்த்து மனுஷா என்றாளே என்று இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்புறம் என்ன? செருப்பு வார் பறந்தது! கோணிக் கிழிசல் பறந்தது! தேங்காய் நாரைக் கத்தை கத்தையாக வெளியே தள்ளினார்கள். பாம்புச் சட்டையை மட்டும் வாசலோரம் விட்டுவைத்தார்கள். முட்டை திருட வரும் எலி அதைக் கண்டால் ஓடிவிடும் அல்லவா? சிவப்பு நாடாவைக் கருப்பட்டி தூக்கி எறியப் போனான்.

"அது இருக்கட்டும். வாசல் பக்கத்துக் குச்சியில சுத்துங்க. எங்கே போனாலும் தூரத்திலேயே நம்ம வீடு தெரியும்" என்றாள் செவந்தி.

அன்றுதான் பொந்தின் அடிவரை வெளிச்சம் விழுந்தது. பொந்துக்கு அடி இருப்பதையே அவர்கள் மறந்திருந்தார்கள். அங்கே இலைச் சருகின் மேல் செவந்தி முதல் முட்டையை இட்டாள். நான்கு நாளில் நான்கு முட்டைகள், எல்லாம் வெளிர் நீல நிறம்.

ஐந்தாம் நாள் பெருமழை கொட்டியது. கொத்தப்பன் நனைந்தபடி வந்து பொந்துக்குள் எட்டிப் பார்த்தான். நான்கு முட்டைகள், அவற்றின் மேல் செவந்தி, அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கருப்பட்டி. அவன் இறக்கை காய்ந்திருந்தது.

"தம்பி! எனக்குத் தெரியாம யார் வந்து குடைஞ்சு கொடுத்தது?"

"யாரும் குடையலைண்ணே. நாங்க ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசினோம், அவ்வளவுதான்" என்றான் கருப்பட்டி. "நனையாதீங்க, உள்ளே வாங்க. இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு!"

ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் பேசினால், சின்ன வீட்டிலும் தாராளமாக இடம் கிடைக்கும்.