நீர்மட்டமும் அதன் நகலும்

ஓர் அணையைக் கவனித்துக்கொள்ளும் கணினிக்குள்ளே நீர்மட்டம் என்றொரு புலம், அதாவது எத்தனை அடி தண்ணீர் என்று குறித்துவைக்கும் இடம், குடியிருந்தது. அணையின் விவரங்களெல்லாம் ஒன்றாக வாழும் 'அணை' என்ற வகுப்பு வீட்டில் அதுதான் மூத்த பிள்ளை. தண்ணீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். யாராவது பேர் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லும். தானாக வாய் திறக்க அதற்கு வழி கிடையாது.

மதகு திறக்கும் விதிகளை எழுதுவதற்கென்றே பொறியாளர் செண்பகவல்லி ஒரு சின்ன மொழியை உண்டாக்கி, மதகுமொழி என்று பேர் வைத்தாள். அது பொல்லாத சுறுசுறுப்பு. வந்த நாளிலிருந்து மூச்சுவிட நேரம் தராமல், "எவ்வளவு அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கோடை முழுக்க முப்பது அடிதான். ஒரே கேள்வி, ஒரே பதில். நீர்மட்டத்துக்கு அலுத்துப்போயிற்று. பாவம், அதுவும் எவ்வளவுதான் சொல்லும்? அடுத்த தடவை கேட்டபோது, பதிலோடு சேர்த்து இதையும் சொன்னது.

"தம்பி, என் உயிரை வாங்காதே. என்னை நகல் எடுத்து உன் வீட்டிலேயே வைத்துக்கொள். எது வேண்டுமானாலும் அவனைக் கேள். நான் கொஞ்சம் கண்ணசருகிறேன்."

செண்பகவல்லி அம்மா உங்களைத்தானே கேட்கச் சொன்னாள் என்று மதகுமொழி தயங்கியது. அண்ணன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, சரி என்றது.

அப்பாடா என்று தூங்கிய நீர்மட்டத்தை மலையில் பெய்த மழை எழுப்பியது. முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்திரண்டு. நாற்பதைத் தாண்டினால் மதகு திறக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து வீட்டில் மதகுமொழி கேட்பது காதில் விழுந்தது. "முப்பது" என்றது, கோடையில் எடுத்தபடியே நின்றுபோயிருந்த நகல். மதகு அசையவில்லை. கீழே கரையோரம் முழுக்கக் குடிசைகள். ஐயோ, ஒரே ஒரு தடவை என்னைக் கேளேன் என்று அது உள்ளுக்குள் தவித்தது. யாரும் கேட்கவில்லை.

நல்லவேளை, மதகுக் காவலர் கொம்பையா கண்ணை நம்புகிற மனுஷர். தண்ணீர் சுவரின் சிவப்புக் கோட்டைத் தொட்டதைப் பார்த்ததும், ஓடிப்போய் இரும்புச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றித் திறந்தார்.

செண்பகவல்லி வந்து நகலை அழித்தாள். "அசல் பக்கத்திலேயே இருக்க, இதையா கேட்டே?" என்று மதகுமொழியைத் திட்டினாள். அது தலையைக் குனிந்துகொண்டதே தவிர, அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீர்மட்டத்துக்குக் கூசிப்போயிற்று.

மறுபடி பழைய பாடுதான். "எவ்வளவு அண்ணே?" "முப்பத்தொன்பது." "எவ்வளவு அண்ணே?" "முப்பத்தொன்பதுதான்ப்பா."

அலுப்பு போகவில்லை. ஆனால் அடுத்த கேள்வி வரச் சற்றே தாமதமானாலும் அதற்குப் பகீரென்றது.