செம்பி அழித்த காலடி

கருங்குளத்துக் காட்டில் மிருகங்களுக்கென்று ஒரு வைத்தியசாலை இருந்தது. பாம்புக்கடிக்கு மயிலார். எலும்பு முறிவுக்கு யானையார். கண்ணுக்கு ஆந்தையார். பேறுகாலம் பார்க்கக் கரடியம்மா. குட்டி போடுவதோ முட்டை பொரிப்பதோ, எதுவானாலும் கரடியம்மாவிடம்தான் வர வேண்டும்.

வைத்தியம் படிக்க வந்தவர்கள் நாலு பேரிடமும் மாறி மாறி வேலை பார்ப்பார்கள். கடைசி வருஷத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மழை ஓய்ந்து குளம் வடிந்ததும், ஈரக் களிமண்ணை அள்ளி வந்து நாலு வாசலிலும் பரப்பி வைப்பார்கள். எந்த வைத்தியம் வேண்டுமோ அந்த வாசலில் போய்க் காலைப் பதிக்க வேண்டும். உச்சி வெயிலுக்குள் பதித்துவிட வேண்டும். சாயங்காலம் வைத்தியர்கள் வந்து பார்த்து, தங்களுக்கு வேண்டியவர்களைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். யாரும் கூப்பிடாவிட்டால்? அடுத்த மழைவரை வீட்டில் கிடக்க வேண்டியதுதான்!

செம்பி என்ற கீரிப்பெண் எங்கே போவாள் என்பதில் காட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கீரி பாம்புக்கடிக்குப் போகாமல் வேறு எதற்குப் போகும்? அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவளுடைய மாமா கட்டாரி புதர் புதராகப் போய், "மயிலாருக்கு அப்புறம் எங்க செம்பிதான்!" என்று தம்பட்டம் அடித்துவிட்டார்.

ஆனால் படிப்பு முடிகிற சமயத்தில், கரடியம்மாவிடம் கடைசி முறை வேலைக்குப் போனபோது ஒன்று நடந்தது. மான் ஒன்று குட்டி போட்டது. குட்டி மூச்சு விடவில்லை. கரடியம்மாவின் பெரிய கை அந்தச் சின்ன மூக்குக்குள் போகுமா? செம்பிதான் வாயை வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினாள். முதுகைத் தேய்த்தாள். விடாமல் தேய்த்தாள். குட்டி திடீரென்று அவள் முகத்திலேயே தும்மியது!

அவ்வளவுதான். அன்றைக்கே செம்பியின் மனம் மாறிவிட்டது. பாம்புக்கடி வைத்தியம் அவளுக்கு நன்றாகத்தான் வரும். ஆனால் அதை முடித்த கையோடு வீட்டுக்குப் போகத் தோன்றும். இங்கே வீட்டு ஞாபகமே வரவில்லை.

சரி, மனம் மாறியதே, வாயைத் திறந்து சொன்னாளா? எங்கே சொன்னாள்! காலடி பதிக்கும் நாள் காலையில் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பயந்துபோய் மயிலார் வாசலில் காலைப் பதித்துவிட்டாள். பதித்துவிட்டு அழுதுகொண்டே திரும்பி நடந்தாள்.

வழியில் கூடப் படித்த மரநாய் தும்பன் எதிரே வந்தான். செம்பி அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட அசடே! இதுக்கா அழற? கரடியம்மா வாசல்லயும் போய் ஒரு காலை வை! நான் நாலு வாசல்லயும் வச்சுட்டு வரேன். யார் கூப்பிட்டாலும், 'சின்ன வயசிலிருந்தே இதுதான் என் ஆசை'ன்னு சொல்லிட வேண்டியது!"

"கண்டுபிடிச்சிட்டா?"

"வாசல் வாசலாப் போய்ப் பார்க்க அவங்களுக்கு வேற வேலை இல்லையா? போ, போ!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. செம்பி கரடியம்மா வாசலுக்கு ஓடினாள். காலையும் தூக்கிவிட்டாள். அதற்குள் முட்டையிட வந்திருந்த ஒரு கௌதாரி, "ஐயோ, கீரி! முட்டை திருட வந்திருக்கு!" என்று கத்தியது.

கரடியம்மா வெளியே வந்தாள். "செம்பியா? நீ மயிலார் வாசலுக்குல்ல போறதாச் சொன்னாங்க?"

இப்போது ஒரு பொய் சொன்னால் போதும். செம்பிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மான்குட்டிக்கு மூச்சு வந்த இடத்தில் நின்றுகொண்டு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"அங்க கால் பதிச்சிட்டேன் அம்மா. பயத்துல பதிச்சிட்டேன். ஆனா எனக்கு இங்கதான் வரணும்."

"இன்னொரு வாசல்ல காலடி நிக்கிறவளை நான் ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். முதல்ல போய் அதை அழிச்சிட்டு வா. ஆனா ஒண்ணு, உன்னை எடுத்துக்கறேன்னு நான் சொல்லலை!"

அதாவது, அதை அழித்த பிறகு கரடியம்மா வேண்டாமென்றால் அதுவும் போச்சு, இதுவும் போச்சு.  இருந்தும் செம்பி திரும்பி ஓடினாள்.

மயிலார் வாசலில் கட்டாரி மாமா சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி வந்து அந்தக் காலடியைக் காட்டிக்கொண்டிருந்தார். செம்பி நேரே மயிலாரிடம் போனாள்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. எனக்குப் பேறுகாலம் பார்க்கத்தான் மனசு போகுது. என் காலடியை அழிச்சிடறேன்."

"அடிப்பாவி! என் மூஞ்சில கரியைப் பூசிட்டியே!" என்று மாமா குதித்தார். "கீரி போய்க் குஞ்சு பொரிக்கிறதைப் பார்க்கவா? காடே சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும் மாமா. மனசில்லாம நான் பாம்புக்கடி பார்த்து, ஒரு உயிர் போச்சுன்னா அழப்போறது யாரு?"

 மயிலார் தோகையைப் படபடவென்று உதறினார். "உன்னைத்தான் முதல்ல கூப்பிடறதா இருந்தேன்! எனக்குக் கோபம்தான்." பிறகு குரல் தணிந்தது. "பரவாயில்லை, இப்பவே சொல்லிட்டே. உன் இடத்துக்கு, இங்க கால் பதிச்சிருக்கிற அந்த முயலைக் கூப்பிட்டுக்கறேன். பாவம், அவன் ரொம்ப ஆசையா இருக்கான்."

செம்பி தன் காலடியைத் தானே தேய்த்து அழித்தாள். நெஞ்சு லேசானது. தலை தெறிக்க ஓடினாள்.

ஆனால் வெயில் ஏறிவிட்டதே! கரடியம்மா வாசலில் களிமண் காய்ந்து இறுகிப்போயிருந்தது. செம்பி காலை வைத்து அழுத்தினாள். பதியவில்லை. முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாள். ஒரு கீறல்கூட விழவில்லை. உச்சி வெயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். இனி தண்ணீருக்குக் குளம்வரை போய்த் திரும்ப முடியாது. செம்பிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

கௌதாரி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "ஏய் கீரி! நிஜத்தைச் சொல்லு. நீ முட்டை தின்னிருக்கியா, இல்லையா?"

"தின்னிருக்கேன்," என்றாள் செம்பி. "அந்த மான்குட்டி தும்மினதிலிருந்து தின்னலை. இனியும் தின்ன மாட்டேன்."

கௌதாரி விருட்டென்று பறந்துபோனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. குளத்தில் முங்கி, நெஞ்சுச் சிறகை முழுக்கத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்திருந்தது! களிமண்ணின் மேல் உட்கார்ந்து சொட்டச் சொட்டப் பிழிந்துவிட்டது.

"தின்னதே இல்லைன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். வை காலை, சீக்கிரம்!"

செம்பி வைத்தாள். ஐந்து விரலும் அழகாகப் பதிந்தன. உள்ளிருந்து எட்டிப் பார்த்த கரடியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "முட்டைக்காரியே தண்ணி ஊத்திட்டா, அப்புறம் எனக்கென்ன? சாயங்காலம்வரை எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே உள்ள வாடி!"

அன்று சாயங்காலம் வைத்தியர்கள் கூடியபோது இதே பேச்சுதான். "அவளாவது அழிச்சிட்டு வந்தா. அழிக்காம எவனாவது ரெண்டு வாசல்ல வச்சிருக்கானா, போய்ப் பார்ப்போம்!" என்றார் யானையார். போய்ப் பார்த்தார்கள். வைத்தியசாலையில் சுண்டுவிரல் இல்லாத கால் ஒருவனுக்குத்தான் உண்டு. தும்பனுடைய அந்தக் கால் நாலு வாசலிலும் ஜோராகப் பதிந்திருந்தது. நாலு பேரும் ஆளுக்கொன்றாக அதை அழித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழைவரை தும்பன் மரப்பொந்தில் கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி நேரத்தில் மனம் மாறுவது தப்பில்லை, ஆனால் புது வாசலில் காலை வைப்பதற்கு முன்னால் பழைய வாசலுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.