மீன் வாடை பிடித்த கோட்டை

முன்னொரு காலத்தில், டென்மார்க் என்னும் குளிர் தேசத்தில் ஹால்விக் என்றொரு சந்தை நகரம் இருந்தது. அங்கே ஹெர்ரிங் என்று ஒரு மீன். நம் மத்திக்குப் பங்காளி முறை. பருவம் வந்தால் செம்படவர்கள் படகை நடுக்கடலில் விட்டுவிட்டு, மீன்கள் மேல் நடந்தே கரைக்கு வருவார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மீனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

சந்தைக்கு மேலே குன்றில் ராஜாவின் கோட்டை. ஒருநாள் காற்று திரும்பி, மீன் வாடை அவர் மூக்கிலேயே வந்து உட்கார்ந்தது.

"மீன் வாடை பட்ட எதுவும் இனி என் கோட்டையிலும் ஊரிலும் இருக்கக் கூடாது!" என்று கத்தினார்.

மந்திரி ஸ்டீக்குக்கு வாயெல்லாம் பல். சந்தையைத் தன் சொந்த ஊருக்கு இழுக்க நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர். "மகாராஜா, சந்தையைக் காலி செய்யும் பொறுப்பை விகடகவி பல்லேயிடமே கொடுங்கள். அவன் பிறந்த ஊர்தானே? தவறினால் தலையை வாங்கிவிடலாம்."

சந்தை போனால் பல்லேயின் சனங்கள் அத்தனை பேரும் பட்டினி. ஆனாலும் குனிந்து வணங்கினான். "உத்தரவு, மகாராஜா. கோட்டையிலிருந்தே தொடங்குகிறேன்."

"தொடங்கு."

பல்லே மோப்பம் பிடித்துக்கொண்டே போனான். மதுப் பீப்பாய்கள் வெளியே போயின. உப்பு, மிளகு, மெழுகுவத்தி, பட்டுத் திரைகள் எல்லாம் போயின. கடைசியில் ஸ்டீக்கின் தோளை முகர்ந்தான்.

"கழற்றுங்கள், ஐயா."

"முட்டாளே! இது ருஷ்ய நரித்தோல்!"

"நரி மேல் குற்றமில்லை, ஐயா. எத்தனை பீப்பாய் மீனுக்கு வாங்கினீர்கள்?"

மந்திரி கழற்றிக் கொடுத்தார்.

இருட்டிய பிறகு ராஜா சாப்பிட உட்கார்ந்தார். வெளிச்சமில்லை. தட்டில் உப்பில்லாமல் வேகவைத்த முள்ளங்கி.

"பல்லே! என் மதுவிலுமா மீன் வாடை?"

"அதைக் கொண்டுவந்த கப்பல் நம் மீனை வாங்கிக்கொண்டல்லவா திரும்பியது, மகாராஜா? உப்பும் அப்படி வந்ததுதான், மெழுகும் அப்படி வந்ததுதான். வாடை படாதது இந்த முள்ளங்கி மட்டும்." பல்லே எட்டி மோப்பம் பிடித்தான். "அடடா, கிரீடத்துக் கற்களை மறந்துவிட்டேனே!"

ராஜா இரண்டு கையாலும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நிறுத்து! சந்தை ஹால்விக்கில்தான், என் கொள்ளுப்பேரன் காலத்திலும் அங்கேதான். உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"சந்தையின் முதல் மீனை மகாராஜா வந்து வாங்க வேண்டும்."

மறுநாள் ராஜா வந்தார். நின்றுகொண்டே சுட்ட மீன் தின்றார், பேரம் பேசினார், ஏமாந்தார், மறுபடியும் வாங்கினார். ஊரே ஆர்ப்பரித்தது. பின்னால் கூடை சுமந்து வந்த ஸ்டீக்கிடம் ஒரு மீன்காரி சொன்னாள்: "பார்த்து நடங்கண்ணே, மீன் நசுங்கிடப் போகுது!"